முதலில் ஆத்தா, பிறகு ராட்டினம்

1

எங்கள் வீட்டில் கார்த்திகை மாதத்திலிருந்து காலைச் சாப்பாடு கார்ன்ஃப்ளேக்ஸ்தான். இட்லி மாவு புளித்து வழிந்தாலும் காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ்தான். ருசிக்காக இல்லை. அந்த அட்டைப்பெட்டியின் முதுகில் ஒரு கூப்பன் அச்சடித்திருக்கிறார்கள். அதை வெட்டி எடுத்துக்கொண்டு போனால், தீம் பார்க்கில் ஒரு டிக்கெட்டுக்கு இன்னொரு டிக்கெட் இலவசம். நாங்கள் நான்கு பேர். இரண்டு கூப்பன் போதும். என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. ஒன்று தொலைந்துவிட்டால்? ஒன்று நனைந்துவிட்டால்? ஒன்றை மட்டும் செல்லாது என்று கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டால்? என்னைப் போல் பயந்தவளுக்கு இரண்டு வேண்டும் என்றால் பத்து கையில் இருந்தால்தான் தூக்கம் வரும்.

செஞ்சியை விட்டு இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து இந்தத் தையோடு எட்டு வருஷம் ஆகிறது. கணவர் சேகர், கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறார். நான் ஓர் ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் மதியம் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறேன். மகள் நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. மகன் கதிருக்கு ஏழு, நான் வேலை பார்க்கும் பள்ளியில்தான் படிக்கிறான். இந்த எட்டு வருஷத்தில் நான்கு பேரும் சேர்ந்து ஊர் சுற்றப் போனது என்று பார்த்தால் விசா ஆபீஸ்தான். அதனால் போன கோடையில் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம், அடுத்த ஈஸ்டர் விடுமுறையில் தீம் பார்க் என்று.

வாக்குக் கொடுத்தபோது காலம் நன்றாக இருந்தது.

பொங்கலுக்கு மறுநாள் சேகர் வேலையிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். யாரும் கார் வாங்குவதில்லையாம். கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்களாம். அதற்கு முன்பு எல்லோரையும் கூப்பிட்டுக் கலந்து பேசுவார்களாம். அதற்கு இங்கே ‘கன்சல்டேஷன்’ என்று பெயர். நமக்குத் தெரிந்த கன்சல்டேஷனில் டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்தால் மருந்தாவது எழுதித் தருவார். இதில் ஒரு கடிதம் மட்டும் தருகிறார்கள். ‘அன்புள்ள சேகர்’ என்று தொடங்கி, ‘உங்கள் பணியிடம் பாதிக்கப்படக்கூடும்’ என்று சொல்லி, ‘அன்புடன்’ என்று முடிக்கிறார்கள். இறுதி முடிவு ஈஸ்டர் கழிந்து தெரியுமாம். எங்கள் விசா அவர் வேலையோடு கட்டியது. வேலை போனால், குறித்த கெடுவுக்குள் இன்னொரு கம்பெனி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்றிலிருந்து வாசற்கதவில் தபால் விழும் சத்தம் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

2

தீம் பார்க் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். கதிர் ஒவ்வொரு நாளும் உயரம் அளந்துகொண்டிருந்தான். குறிப்பிட்ட உயரம் இருந்தால்தான் பெரிய ராட்டினத்தில் ஏற்றுவார்கள். கதவு நிலையில் பென்சில் கோடுகள். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே எப்படி வேண்டாம் என்று சொல்வது?

ஆகவே விரலுக்கேற்ற வீக்கம் என்று குறைக்க ஆரம்பித்தோம். முதலில் போனது இரவு தங்கல். விடியும் முன் கிளம்பி அன்றே திரும்புவது என்று முடிவானது. அடுத்து போனது பார்க்குக்குள் சாப்பாடு. அங்கே ஒரு பர்கர் விலையில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் குழம்பு வைக்கலாம். புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போவது என்றானது. மழைச்சட்டை அங்கே விற்பார்கள், இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். ராட்டினம் சறுக்கும்போது நாம் வாய் பிளந்திருப்பதைப் படம் பிடித்து விற்பார்கள், அதன் பக்கமே திரும்பக்கூடாது.

பள்ளி நாளில் போனால் டிக்கெட் பாதி விலை. ஆனால் பள்ளி நாளில் பிள்ளையை உல்லாசத்துக்குக் கூட்டிப்போனால் பெற்றோருக்கு அபராதம் போடும் நாடு இது. காய்ச்சல் என்று சொல்லலாமே என்றார் சேகர். “நல்லா இருக்குதுங்க. கதிருக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு அதே ஸ்கூல்ல நானும் லீவு கேக்கணும். முழுப்பூசணிக்காய சோத்துல மறைக்கலாம், அத்த வடிச்சிக் கொட்டுறவள மறைக்க முடியுமா?” என்றேன். சமையலறை வேலையில் இருக்கும் ஒரே கஷ்டம் இதுதான்.

கடைசியாக மிஞ்சியது நிலா கேட்ட ஒன்று. வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே போக ஒரு தனிச் சீட்டு விற்கிறார்கள். விலையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. “சாமி கோயில்லதான் சிறப்பு தரிசனம்னு நெனச்சேன், ராட்டினத்துக்குமா?” என்றேன். நிலா சிரிக்கவில்லை. அவள் கொஞ்ச நாளாகவே என் பேச்சுக்குச் சிரிப்பதில்லை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பாதி நேரம் போனோடு அறைக்குள் இருக்கிறாள். அந்தச் சீட்டு இருந்தால்தான் பள்ளித் தோழிகள் மாதிரி எல்லா ராட்டினத்திலும் ஏற முடியும் என்றாள். சரி என்றேன். அதற்கும் சேர்த்துப் பணம் டப்பாவில் இருந்தது.

டப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை அல்லவா.

3

கதிர் குழந்தையாக இருந்தபோது வாங்கிய பால்பவுடர் டப்பா. அதுதான் தீம் பார்க் உண்டியல். பிறந்தநாளுக்கு வந்த பணம், நான் மிச்சம் பிடித்தது, பிள்ளைகள் பழைய பொம்மை விற்றது, எல்லாம் அதில்தான். அதற்கு ஒரே ஒரு எதிரி, சேகர். காரை நிறுத்தக் காசு வேண்டும் என்று காலை அவசரத்தில் டப்பாவில் கையை விடுவார், மாலையில் போட்டுவிடுகிறேன் என்பார். அந்த மாலை வந்ததே இல்லை.

ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்தது. மேல்மலையனூர் கோயில் பிரசாதம் சுற்றி வந்த மஞ்சள் துணி ஒன்று பெட்டியில் இருந்தது. அதை எடுத்து டப்பாவின் வாயை இறுகக் கட்டி, நாணயம் போட மட்டும் இடம் விட்டு, சமையலறை அலமாரியில் அங்காளம்மன் படத்துக்கு எதிரில் வைத்தேன். “ஆத்தா, இத்த நீயே பாத்துக்கோ” என்றும் சொன்னேன். சேகருக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

இத்தனைக்கும் சேகர் கல்லூரியில் கறுப்புச் சட்டை போட்டுத் திரிந்தவர். ஆனால் மறுநாளிலிருந்து டப்பாவைத் தொடவில்லை. “எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா எதுக்கு வம்பு?” என்றார். அதற்குப் பிறகு அந்த டப்பா தானாக நிறைந்தது. கதிர் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போடப் பழகிவிட்டான்.

ஆத்தாளுக்கும் ராட்டினத்துக்கும் எங்கள் வீட்டில் பழைய சம்பந்தம் உண்டு. நைனா எங்களை வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே கூட்டிப்போவார். மாசி அமாவாசைக்கு, மேல்மலையனூர் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ்ஸில் ஜன்னல் வழியாக எங்களை உள்ளே தள்ளுவார். அந்த வருஷம் நிலத்தில் விளைந்தது எதுவோ அதில் ஒரு பங்கை, நெல்லோ பயறோ காயோ, கொண்டுபோய் அம்மன் எதிரில் இறைக்க வேண்டும். அண்ணனும் நானும் கோயிலைப் பார்க்க மாட்டோம், தூரத்தில் சுற்றும் ராட்டினத்தையே பார்ப்போம். “முதல்ல ஆத்தா. அப்புறம் ராட்டினம்” என்பார் நைனா. கூட்டத்தில் நசுங்கி ஆத்தாளை முடித்துவிட்டு வருவதற்குள் கடைசி பஸ் கிளம்பிவிடும். ராட்டினத்தில் நான் ஏறியதே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது.

4

ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சியில் இருக்கும் என் அண்ணன் ஏழுமலையோடு வீடியோ காலில் பேசுவோம். அண்ணன் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். நெல்லைக் கமிட்டி என்று நாங்கள் சொல்லும் அரசு விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவான். “விலை எப்படிண்ணா?” என்றால் எப்போதும் “நல்லா போச்சு” என்பான். “மாப்ளைக்கு வேல எப்படி?” என்று அவன் கேட்டால் நானும் “நல்லா போவுது” என்பேன். பொங்கலுக்கு அப்புறமும் அதையேதான் சொன்னேன்.

தை கடைசியில் ஒரு ஞாயிறு. போனை எதிரே ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு மாவு பிசைந்துகொண்டே பேசினேன். அண்ணன் மனைவி செல்வி திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

“இன்னா மலரு, பின்னாடி மஞ்சத்துணி? முடிஞ்சி வச்சிருக்கிறியா? வூட்ல எதுனா கஷ்டமா?”

எங்கள் பக்கத்தில் சும்மா யாரும் காசு முடிந்து வைக்க மாட்டார்கள். வீட்டில் நோயோ வழக்கோ வந்தால்தான் வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிவார்கள்.

“அய்யய்ய, ஒண்ணும் இல்ல அண்ணி. பசங்க தீம் பார்க் போவ சேக்குற காசு. இவரு கைய வச்சிடறாருன்னு துணி கட்டினேன்.”

அண்ணன் பின்னால் இருந்து சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

“சாமி எதிர்ல வச்சியா?”

“வச்சேன்.”

“பாத்துக்கன்னு சொன்னியா?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“அப்போ அது உன் காசு இல்லமா. ஆத்தா காசு. அவளுக்குச் சேக்காம அத்த அவுத்து ராட்டினம் ஏறுவியா? வூட்ல ஆம்பள வேலைக்குப் போய் வர்ற நேரத்துல?”

அண்ணிக்குச் சேகர் வேலையைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் வாயில் அந்த வார்த்தை ஏன் வந்தது? கையில் மாவோடு அப்படியே நின்றேன்.

5

நான் பி.எஸ்ஸி. படித்தவள். துணி துணிதான், டப்பா டப்பாதான் என்று எனக்குத் தெரியும். அன்று மாலையே அவிழ்த்துவிடலாம் என்று போனேன். முடிச்சில் விரல் பட்டதும் கடிதம் நினைவுக்கு வந்தது. அவிழ்த்த மறுநாள் வேலை போய்விட்டால்? அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஆயிரம் பேர் சொன்னாலும், ஆயுளுக்கும் எனக்கு மட்டும் சம்பந்தம் இருக்கும்.

“நீங்களே அவுத்துடுங்க. உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே” என்றேன் சேகரிடம்.

“கட்டுனது நீ. நீயே அவுரு” என்றார். சொல்லிவிட்டுப் படத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. நிலா முழுவதும் கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில், மிக மெதுவாகச் சொன்னாள்: “அப்பாவைத் தடுக்க நீ சாமியைப் பயன்படுத்தினாய். இப்போது சாமி உன்னிடம் கூலி கேட்கிறது. இதில் எங்கள் பணம் எப்படிப் போனது?”

கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கதிர் மட்டும், “ஆத்தாக்கு கார்ன்ஃப்ளேக்ஸ் கூப்பன் குடுக்கலாமா?” என்று கேட்டான்.

பார்க்கில் இடம் பதிவு செய்யக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பதிவு செய்தால் பணம் டப்பாவிலிருந்து வர வேண்டும். வங்கியில் இருப்பதைத் தொட முடியாது. வேலை போனால் வாடகைக்கு அதுதான். பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கு இன்னொரு பக்கம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஊரில் கேலி செய்வார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

6

மாசி அமாவாசை வேலை நாளில் வந்தது. பள்ளியில் தட்டுக் கழுவி முடித்து வெளியே வந்தபோது போனில் அண்ணன் பத்துத் தடவை கூப்பிட்டிருந்தான். பதறிப்போய்த் திரும்ப அழைத்தேன். பம்பைச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் காதை அடைத்தன. மேல்மலையனூரிலிருந்து பேசுகிறான்.

“மலரு, கேக்குதா? உன் பேர்ல ஆத்தாளுக்கு நெல்லு கொண்டாந்து எறைச்சாச்சி. மாப்ள பேருக்கு அர்ச்சன பண்ணியாச்சி. நீ முடிஞ்சதுக்கு மேலயே போட்டாச்சி, போதுமா? இனிமே அது பசங்க காசு. அவுத்து இட்டுனு போ.”

“அண்ணா, மாப்ள பேருக்கு எதுக்கு?”

“செல்விதான் சொன்னா. நீ இல்ல இல்லன்னு சொன்னப்பவே உன் மூஞ்சியில தெரிஞ்சிதாம். வேலையில எதுனா தகராறா?”

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே சொன்னேன். கடிதம், ஆள் குறைப்பு, விசா, எல்லாம். எட்டு வருஷத்தில் அண்ணனிடம் முதன்முறையாக ‘நல்லா போவுது’ என்று சொல்லாமல் பேசினேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எனக்குக் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை முடிச்சை அவிழ்த்தேன்.  நுழைவுச் சீட்டைப் பதிவும் செய்தோம், நிலா கேட்ட தனிச் சீட்டை மட்டும் பிறகு வாங்கலாம் என்று விட்டோம்.

7

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து நிலா அறையிலிருந்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“மாமா போட்ட நெல் எவ்வளவு விலை போகும்?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அவள் அறைக்குள் போனோடு இருப்பது யாருடன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் மகள் தேன்மொழியோடுதான். இரண்டு பேரும் ஒரே வயது. இவள் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறாள், அவள் தமிழில் பேசி அனுப்புகிறாள். ஒரு வருஷமாக இது நடக்கிறது. மகள் என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் கவலைப்பட்டுக் கதவுக்கு வெளியே நின்ற நேரமெல்லாம், அவள் செஞ்சியில்தான் இருந்திருக்கிறாள்.

தேன்மொழியின் பள்ளியிலும் டூர் போட்டிருக்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் கடற்கரைச் சாலையில் இருக்கும் தீம் பார்க். வகுப்பில் எல்லோரும் போனார்கள். தேனு போகவில்லை. கமிட்டியில் இந்த முறை நெல்லுக்கு விலையே இல்லையாம். “லீவுல நானே இட்டுனு போறேன்” என்று அண்ணன் சொன்னானாம். அவனால் கூட்டிப்போக முடியாது என்று தேனுவுக்குத் தெரியுமாம். டூர் முடிந்து அடுத்த வாரம்தான் அண்ணன் எங்கள் பெயருக்கு நெல்லைத் தூக்கிக்கொண்டு மேல்மலையனூர் போயிருக்கிறான்.

“தேனு யார்கிட்டயும் சொல்லாதன்னா. நான் சொல்லிட்டேன்” என்றாள் நிலா. இதைத் தமிழில் சொன்னாள். பிறகு கோபத்தோடு, “நீங்க எல்லாரும் ஏன் யாருக்கும் எதுவும் சொல்றதே இல்ல?” என்று கேட்டாள்.

சேகர் குனிந்துகொண்டார். நான் பணம் அனுப்பலாம் என்றேன். ஆனால் அண்ணனை எனக்குத் தெரியும். பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகலாம், பெண் வீட்டுக் காசு பிறந்த வீட்டுக்கு வரக்கூடாது என்பான். நிலத்தை விற்றாலும் விற்பானே தவிர தங்கை காசைத் தொடமாட்டான். போன வருஷம் அண்ணிக்குப் புடவை வாங்க அனுப்பியதையே திருப்பி அனுப்பியவன்.

நிலாதான் வழி சொன்னாள். “எனக்கு அந்தச் சிறப்பு தரிசனம் வேணாம். வரிசையிலயே நிக்கலாம். அந்தக் காச தேனுவுக்கு அனுப்பலாம்” என்றாள். பிறகு எழுந்து போய் அந்த மஞ்சள் துணியை எடுத்து வந்தாள்.

8

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அண்ணனும் அண்ணியும் தேனுவும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கணக்குக்கு நாங்கள் அனுப்பிய பணத்தை அண்ணன் பார்த்துவிட்டான். முகம் கடுகடு என்று இருந்தது.

“இன்னா மலரு இது? பொண்ணு வூட்டுக் காசு எனக்கு இன்னாத்துக்கு? மாப்ளைக்கு வேல இருக்குதோ இல்லியோன்னு கெடக்குறப்ப. நாளைக்கே திருப்பிப் போட்டுடுவேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் நிலா போனை வாங்கினாள். உள்ளங்கையில் மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் எங்கள் பெட்டியில் கிடந்த ஒரு ரூபாய் நாணயம்.

“மாமா, போட முடியாது. முடிஞ்சாச்சி,” என்றாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி. “அந்தக் காசு உங்களுக்கு இல்ல. தேனு தீம் பார்க் போக. ஆத்தா எதிர்ல வச்சாச்சி. பாத்துக்கன்னு சொல்லியாச்சி. இனிமே வேற எதுக்கும் யாரும் தொடக்கூடாது. அத்தைதான் சொன்னாங்க.”

அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடியும் திறந்தான்.  பக்கத்தில் தேனு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அண்ணிதான் முதலில் சிரித்தார்.

“பூட்டு போட்டுட்டா பாத்தியா உன் தங்கச்சி பொண்ணு! இப்பப் பேசு பாக்கலாம்.”

அண்ணன் அந்த முடிச்சைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பிறகு சேகரைக் கூப்பிட்டான். “மாப்ள, அங்க வேல இல்லன்னா கவலப்படாத. கமிட்டியில மூட்ட தைக்க ஆள் கேக்குறாங்க. நம்ம சிபாரிசுலயே சேத்துடலாம்.” சேகர் சிரித்தார். தைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நாளை விடியும் முன் கிளம்புகிறோம். இதை எழுதும்போது அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதிக்கிறது. மழை வரும் என்கிறார்கள். கதிர் இன்னும் ஒரு விரல்கடை வளர வேண்டியிருக்கிறது, பெரிய ராட்டினத்தில் ஏற்றுவார்களா தெரியவில்லை. கடிதம் அடுத்த வாரம் வரும், அதில் என்ன இருக்கும் என்றும் தெரியவில்லை. பயம் போகவில்லை. ஆனால் இந்த முறை அதைத் தனியாகப் படப்போவதில்லை. கடிதத்தைப் பிரித்ததும் முதல் போன் செஞ்சிக்குத்தான்.

சேகர் சற்று முன்பு சமையலறைக்கு வந்தார். காலையில் கார் நிறுத்தச் சில்லறை வேண்டுமாம். பழக்க தோஷத்தில் கை அலமாரிப் பக்கம் போனது. அங்கே மூடியில்லாத வெறும் டப்பாவும், அதன் பக்கத்தில் நிலா கட்டிய சின்ன முடிச்சும் இருந்தன. கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அது தேனுவோடது இல்ல?” என்றார். “நான் கார்டுலயே கட்டிக்கிறேன்.”